மார்புக்குள் சென்ற கதிர்

சாக்ஸனிக்கும் பொஹீமியாவுக்கும் எல்லையாக நீண்டு கிடக்கும் எர்ஸ்கெபிர்கே மலைத்தொடரில், பதினைந்தாம் நூற்றாண்டு முதலே வெள்ளிக்காகத் தோண்டப்பட்டு வந்த சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்கள், திடகாத்திரர்களாக இருந்தும் நடுவயதை எட்டியவுடன் இருமலில் விழுந்து, தேகம் மெலிந்து, இரத்தம் உமிழ்ந்து இறந்து போவதை அந்தப் பிரதேசத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்தனர். அதற்கு மலைநோய் என்று பெயரிட்டு, சுரங்கத்துக்குப் போகிறவன் தலையெழுத்து அதுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டனர். அந்தச் சுரங்க ஊர்களில் ஒன்றான யோவாகிம்ஸ்தாலில் 1527ஆம் ஆண்டு முதல் சில காலம் வைத்தியராக இருந்த அக்ரிகோலா என்பவர், உலோகத் தொழிலைப் பற்றித் தாம் எழுதி 1556இல் வெளிவந்த பெருநூலில், கார்ப்பாத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஏழு கணவன்மாரை அடுத்தடுத்து மணந்து எழுவரையும் இந்த நோய்க்கே பறிகொடுத்த பெண்கள் உண்டென்று குறித்துவைத்திருக்கிறார். அவர் காலத்தவரான பாரசெல்ஸஸும் சுரங்கத் தொழிலாளரின் நோயைக் குறித்துத் தனியாகவே ஒரு நூல் இயற்றினார். ஆயினும் அந்த நோய் இன்னதென்று தெரிவதற்கு மேலும் மூன்று நூற்றாண்டுகள் கழிய வேண்டியிருந்தது. 1879இல் ஹேர்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரண்டு வைத்தியர்கள், ஷ்னேபெர்க் என்ற ஊரில் இறந்த தொழிலாளரின் உடல்களைப் பரிசோதித்து, அவர்களைக் கொன்றது நுரையீரலிலேயே முளைத்த கொடிய கட்டி என்று எடுத்துக்காட்டினர்.

அந்த மலைகளில் வெள்ளியைத் தேடியவர்கள் பயனற்றதென்று ஒதுக்கிய கன்னங்கரிய கனத்த கல் ஒன்று உண்டு. அதில் யுரேனியம் இருப்பதைப் பிற்காலத்தவர் கண்டறிந்து, கண்ணாடிக்கு நிறமேற்றுவதற்காக அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சிய சக்கையை யோவாகிம்ஸ்தாலின் பைன் மரக் காட்டில் கொட்டி வைத்தார்கள். அந்தச் சக்கையைத்தான் மேரி கியூரியும் பியேர் கியூரியும் ஆஸ்திரிய அரசாங்கத்தின் உதவியால் டன் கணக்கில் பாரிஸுக்கு வரவழைத்தனர். பைன் இலைகள் கலந்திருந்த அந்தப் பழுப்புநிற மண் மூட்டைகளைப் பிரித்து, கூரை ஒழுகும் ஒரு கொட்டகையில் காய்ச்சி, இரும்புக் கம்பியால் நாள் முழுதும் கிளறி, 1898 டிசம்பரில் தாங்கள் உலகுக்கு அறிவித்த ரேடியம் என்னும் மூலகத்தின் உப்பை, 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கைக்குக் கொண்டுவந்தனர். அந்த ரேடியத்திலிருந்து ஓயாது கசியும் ரேடான் என்ற வாயுவும், அந்த வாயு சிதைவதால் பிறக்கும் நுண்பொருள்களும் சுரங்கக் காற்றில் நிறைந்து, மூச்சோடு உள்ளே போய்த் தங்கியதே மலைநோய்க்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் ஐயமறத் தெளிவாயிற்று. நுரையீரலில் புற்றை விளைவித்த பொருளும், அந்தப் புற்றை எதிர்க்க வைத்தியர்கள் கையில் எடுத்த பொருளும் ஒரே மலையின் வயிற்றில் பிறந்தவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டு பின்வரும் சரித்திரத்தைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏனெனில் கதிர் என்பது எந்தக் காலத்திலும் தீங்கற்ற மருந்தாக இருந்ததில்லை.

நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் கரண்டு வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை, நுரையீரல் புற்றுநோயைப் பொறுத்தவரை இன்று பல வகைகளாகக் கிளைத்திருக்கிறது. அவற்றை ஒப்பிட்டுப் பேசுவோர் பெரும்பாலும் பழைய யந்திரம், புதிய யந்திரம், சக்தி குறைந்தது, சக்தி மிகுந்தது என்று ஏணிப்படிகளாக அடுக்கிவிடுகிறார்கள். இந்த முறை எனக்குத் திருப்தி தருவதில்லை. கட்டியைக் கொல்லும் வல்லமை ரேடியத்துக்கும் இருந்தது, முதல் எக்ஸ்ரே குழாய்க்கும் இருந்தது. அந்த வல்லமையைக் கட்டியின்மீது செலுத்தும்போது, கட்டியைச் சூழ்ந்திருக்கும் நல்ல உறுப்புகளை எவ்வளவு தூரம் விட்டுவைக்க முடியும் என்பதே ஒவ்வொரு தலைமுறையும் எதிர்கொண்ட கேள்வி. அந்தக் கேள்விக்கு எந்த வகை என்ன விடை சொல்லிற்று என்று பார்ப்பதே நியாயமான ஒப்பீடு என்பது என் அபிப்பிராயம். அதிலும் நுரையீரலைப் போல இக்கேள்வியைக் கடினமாக்கும் அவயவம் சரீரத்தில் வேறில்லை. அது விலாக்கூட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு புறம் இதயமும், நடுவே உணவுக்குழாயும், பின்னே தண்டுவடமும் அதை அணைத்துக் கிடக்கின்றன. கடற்பஞ்சைப் போல உள்ளெல்லாம் காற்றறைகளாக இருப்பதால் கதிரின் போக்கு அதனுள் மாறிவிடுகிறது. இவை போதாவென்று, உயிருள்ளவரை அது ஒரு கணமும் அசையாதிருப்பதில்லை.

1895 நவம்பரில் வுர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்த சில மாதங்களுக்குள்ளேயே அதைக் கொண்டு நோய்களைக் குணப்படுத்த முடியுமா என்ற முயற்சிகள் தொடங்கிவிட்டன. ஆனால் அக்காலத்தில் நுரையீரல் புற்றுநோய் வைத்தியர்களின் கவனத்துக்கு வந்ததே அரிது. 1912இல் ஐஸக் ஆட்லர் என்ற நியூயார்க் வைத்தியர் அதைப் பற்றி ஒரு தனி நூல் எழுதத் துணிந்தபோது, உலக வைத்திய இலக்கியம் முழுவதையும் சலித்து 374 நோயாளிகளின் விருத்தாந்தங்களைத்தான் திரட்ட முடிந்தது. இவ்வளவு அபூர்வமான நோய்க்கு ஒரு நூல் தேவைதானா என்ற தயக்கம் அவருக்கே இருந்தது. சிகரெட் என்னும் பழக்கம் இன்னும் தன் அறுவடையைத் தொடங்கியிருக்கவில்லை.

முதல் தலைமுறை எக்ஸ்ரே யந்திரங்களின் கதிர் தோலின் மேற்பரப்பிலேயே தன் வீரியத்தின் பெரும்பகுதியைக் கொட்டிவிடுவது. இரண்டு லட்சம் வோல்ட் அளவில் இயங்கிய பிற்கால யந்திரங்கள்கூட, மார்பின் நடுவே பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் கட்டிக்குப் போதுமான அளவைக் கொண்டுசேர்ப்பதற்குள் நெஞ்சுத்தோலைப் புண்ணாக்கிவிட்டன. ரேடியத்தின் தன்மையும் விரைவில் விளங்கிற்று. பெக்கெரல் என்ற விஞ்ஞானி அதைச் சிறு குழாயில் அடைத்துச் சட்டைப்பையில் வைத்திருந்து உடம்பில் தீப்புண் பட்டதும், பியேர் கியூரி வேண்டுமென்றே தம் கையில் வைத்துப் புண் உண்டாக்கிப் பார்த்ததும் பிரசித்தம். தோல், கருப்பைவாய் போன்ற எட்டக்கூடிய இடங்களில் ரேடியம் நல்ல பலனைத் தந்தது. மார்புக்குள் அதை எப்படி வைப்பது?

இதற்கு விடை தேடியவர்களே உள்ளிருந்து அளிக்கும் கதிர்வீச்சு என்ற வகையின் முன்னோடிகள். 1922இல் நியூயார்க்கில் யாங்கவர் என்ற வைத்தியர், மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் நேரான உலோகக் குழலின் வழியாக ரேடியத்தைக் கொண்டுபோய்க் கட்டியின் அருகிலேயே வைத்தார். நோயாளி படும் அவஸ்தையை நினைத்துப் பார்த்தால் மனம் பதறும் காரியம். ஆயினும் அதன் தத்துவம் மிகச் சரியானது, ஏனெனில் இப்படி வைக்கப்படும் பொருளின் கதிர் சில மில்லிமீட்டர் தாண்டியவுடன் விரைந்து தேய்ந்துவிடுவதால் அப்பாலுள்ள நல்ல நுரையீரல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இன்றும் மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டு இரத்தம் கசியும் கட்டிக்கு, மெல்லிய பிளாஸ்டிக் குழலைச் செலுத்தி, அதனுள் இரிடியம் என்ற கதிரியக்கப் பொருளின் அரிசி போன்ற துணுக்கைச் சில நிமிஷங்கள் நிறுத்தி எடுக்கும் முறை வழக்கிலிருக்கிறது. கட்டி குழாய்ச் சுவரைத் தாண்டி வெகுதூரம் பரவியிருந்தால் இந்த முறை அதை எட்டாது. எதனால் நல்ல உறுப்பு தப்புகிறதோ அதனாலேயே தொலைவிலுள்ள நோயும் தப்பிவிடுகிறது.

இவ்வகையின் கதையில் 1933 ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த சம்பவத்தைச் சொல்லாமல் செல்ல முடியாது. எவார்ட்ஸ் கிரஹாம் என்ற ரணசிகிச்சை நிபுணர், புற்றுநோய் கண்ட ஒரு நுரையீரலை முழுவதுமாக ஒரே அமர்வில் அகற்றி, நோயாளியைப் பிழைக்கவைத்தார். அந்த நோயாளியும் ஒரு வைத்தியரே. பலருக்குத் தெரியாத சங்கதி என்னவென்றால், வெட்டி எடுத்தபின் எஞ்சிய மூச்சுக்குழாயின் அடிக்கட்டையில் கிரஹாம் ரேடான் வாயு அடைத்த நுண்குழல்களையும் பதித்துவைத்தார் என்பது. சுரங்கத் தொழிலாளரைக் கொன்ற அதே ரேடான்! நோயாளி முப்பதாண்டு வாழ்ந்தார். புகைப்பழக்கமே இந்த நோயைப் பெருக்குகிறது என்பதை 1950இல் வைண்டர் என்ற இளைஞருடன் சேர்ந்து உலகுக்கு எடுத்துச்சொன்ன கிரஹாமோ, தாமும் நெடுநாள் புகைத்தவராதலால், தம் நோயாளி உயிரோடிருக்கையிலேயே, 1957இல் அதே நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.

வெளியிலிருந்து செலுத்தும் கதிருக்கு உண்மையான விமோசனம் அணுசக்தி உலையிலிருந்து வந்தது. கனடாவின் சாக் ரிவர் உலையில் சாதாரண கோபால்ட் உலோகத்தை வைத்து மாதக்கணக்கில் நியூட்ரான்களால் தாக்கி, கோபால்ட்-60 என்ற வீரியமிக்க பொருளை உண்டாக்கினர். இதன் கதிருக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை லட்சம் எலக்ட்ரான் வோல்ட் சக்தி. தோலின் மேற்பரப்பில் அது முழு வீரியத்தையும் காட்டாமல், அரை சென்டிமீட்டர் உள்ளே சென்றபின்பே உச்சத்தை அடைகிறது. அந்த அரை சென்டிமீட்டர் மனிதகுலத்துக்குச் செய்த உபகாரம் சொல்லி முடியாது. தோல் வெந்துபோகும் பயமின்றி மார்பின் ஆழத்துக்குக் கதிரை அனுப்புவது அன்று முதல் சாத்தியமாயிற்று. 1951 அக்டோபர் 27இல் கனடாவின் லண்டன் நகரிலும், நவம்பர் 8இல் சாஸ்கட்டூனில் ஹெரால்ட் ஜான்ஸ் என்ற பௌதிக விஞ்ஞானி வடிவமைத்த யந்திரத்திலும், முதல் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. மருத்துவத்தில் இவ்வளவு எளிய யந்திரம் இவ்வளவு விரைவில் உலகெங்கும் பரவிய வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

சென்னையில் 1934ஆம் ஆண்டிலேயே அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் பர்னார்ட் கதிரியல் நிலையம் திறக்கப்பட்டு, எக்ஸ்ரே வைத்தியத்துக்கு நல்லதோர் அஸ்திவாரம் அமைந்திருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் இடையறாத முயற்சியால் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றியபின், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கனடாவிலிருந்து கோபால்ட் யந்திரம் வந்து சேர்ந்தது. ஆசியாக் கண்டத்திலேயே முதன்மையானவற்றுள் அது ஒன்று. பிற்காலத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியாவிலேயே கோபால்ட் யந்திரத்தைச் செய்து, பாபாட்ரான் என்று பெயரிட்டு, வெளிதேசங்களுக்கும் அளித்திருக்கிறார்கள்.

கோபால்ட் காலத்தில் ஒரு நோயாளிக்கு எவ்வாறு திட்டம் வகுத்தார்கள் என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நலம். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வளைத்தால் வளைந்தபடி நிற்கும் மெல்லிய ஈயக்கம்பி ஒன்றை அவருடைய மார்பைச் சுற்றிப் பதியவைத்து எடுப்பார்கள். அந்தக் கம்பியை ஒரு பெரிய தாளின்மீது கவனமாகக் கிடத்தி, அதன் ஓரமாகப் பென்சிலை ஓட்டினால் மார்பின் குறுக்குவெட்டு உருவம் தாளில் விழும். எக்ஸ்ரே படத்தில் தெரிந்த நிழலை அளந்து, கட்டி இருக்கக்கூடிய இடத்தை அந்த உருவத்துக்குள் வரைவார்கள். கதிரின் வீரியம் ஆழத்துக்கு ஆழம் எவ்வாறு குறைகிறது என்பதைக் காட்டும் கோடுகள் அச்சிட்ட தாள்களை முன்னும் பின்னுமாக அதன்மேல் பொருத்தி, எண்களைக் கூட்டிக் கணக்கிடுவார்கள். பிறகு நோயாளியின் நெஞ்சில் ஊதாச் சாயத்தால் சதுரமாகக் கோடு கிழித்து, சிகிச்சை முடியும்வரை அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவார்கள். அந்தக் கோட்டுக்குள் அகப்பட்டவை எல்லாம், கட்டியானாலும் உணவுக்குழாயானாலும் இதயத்தின் ஓரமானாலும், ஒரே விதமாகக் கதிரை வாங்கிக்கொண்டன. உணவு விழுங்க முடியாத எரிச்சலும், இரண்டு மூன்று மாதம் கழித்து வரும் வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும், பிறகு அந்தப் பகுதி நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிப் போவதும், இந்தச் சதுரத்தின் விலை.

நேர்கோட்டு முடுக்கி யந்திரம், அதாவது லீனியர் ஆக்சிலரேட்டர், கோபால்ட்டுக்குச் சமகாலத்தது. 1953இல் லண்டனின் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியிலும், 1956இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டிலும் நோயாளிகளுக்கு அது பயன்படலாயிற்று. கோபால்ட் கல் ஏறக்குறைய ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை தன் வீரியத்தில் பாதியை இழக்கும். முடுக்கிக்கு அந்தக் குறை இல்லை. கதிரின் விளிம்பும் கத்தரித்தாற்போல் கூர்மையாக இருக்கும். அதன் சக்தியை ஏற்றிக்கொண்டே போகலாம் என்பதால், ஆழத்திலுள்ள நுரையீரல் கட்டிக்கு மிக உயர்ந்த சக்தியே உகந்தது என்று ஒரு காலத்தில் பலர் எண்ணினர். அனுபவமும் கணிதமும் வேறு விடை கூறின. நுரையீரலின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்குதான். உயர்சக்திக் கதிர் கிளப்பிவிடும் எலக்ட்ரான்கள் அந்தக் காற்றுவெளியில் நெடுந்தூரம் பக்கவாட்டில் சிதறி ஓடிவிடுவதால், கட்டியின் விளிம்புக்குக் கிடைக்க வேண்டிய அளவு குறைந்து, நல்ல பகுதிக்குத் தேவையற்ற அளவு போய்ச்சேர்கிறது. இன்றும் நுரையீரலுக்கு அறுபது லட்சம் வோல்ட் கதிரையே பெரும்பாலான நிபுணர்கள் விரும்புகிறார்கள். அதைவிட இரண்டு மூன்று மடங்கு வல்லமை அதே யந்திரத்தில் இருந்தும் அதைத் தொடுவதில்லை.

யந்திரங்களைப் பற்றியே பேசிக்கொண்டு காலத்தை மறந்துவிடக் கூடாது. கதிரை எத்தனை தவணையாகப் பிரித்துக் கொடுப்பது என்பதில்தான் வகைகளுக்கிடையே மிகப் பெரிய பேதம் இருக்கிறது. பாரிஸ் ரேடியம் நிலையத்தில் கிளாடியஸ் ரெகோ, ஆட்டுக்கிடாய்களின் விதைகளில் செய்த சோதனைகளில், ஒரே வேளையில் கொடுத்தால் மேல்தோலைப் புண்ணாக்காமல் அவற்றை மலடாக்க முடியாதென்றும், அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் தோல் பிழைத்துக்கொள்கிறதென்றும் கண்டார். அவருடன் பணிபுரிந்த ஆன்ரி கூட்டார் இந்த முறையைத் தொண்டைப் புற்றுநோய்க்குப் பிரயோகித்து, இருபதுகளிலும் முப்பதுகளிலும் அதுவரை காணாத பலனைக் காட்டினார். நல்ல திசு தவணைகளுக்கிடையே தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது என்பது இதன் ஒரு பாதி. மறுபாதி விளங்கியது நுரையீரல் புற்றுநோயினாலேயே. 1955இல் தாம்லின்சன், கிரே என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் நுரையீரல் கட்டிகளின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டருக்கு மேல் ஆரமுள்ள புற்றுத்திரள் ஒவ்வொன்றிலும் நடுப்பகுதி செத்துக் கிடப்பதைக் கண்டனர். இரத்தநாளத்திலிருந்து அதற்கு அப்பால் பிராணவாயு எட்டுவதில்லை. செத்த பகுதிக்கும் உயிருள்ள விளிம்புக்கும் இடையே பிராணவாயுவுக்கு ஏங்கிக்கொண்டு உயிர்தரிக்கும் அணுக்களைக் கதிர் எளிதில் கொல்லாது. உடலுக்கு வேண்டிய பிராணவாயு முழுவதையும் வாங்கித்தரும் அவயவத்தில் தோன்றிய கட்டி, உள்ளே பிராணவாயு இன்றித் தவிக்கிறது என்ற இந்த உண்மை என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது. தவணை முறையில், வெளி அணுக்கள் அழிய அழிய உள்ளணுக்களுக்குக் காற்று எட்டி, அடுத்த தவணையில் அவையும் அகப்படுகின்றன.

இந்த அடிப்படையில் எழுந்ததே பரவலான பழைய முறை. அமெரிக்காவில் 1973இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி 40, 50, 60 என்ற மூன்று அளவுகளை ஒப்பிட்டு, மேற்சொன்ன கிரேயின் பெயரால் வழங்கும் அலகில் 60 கிரே, ஆறு வாரங்களில் முப்பது தவணைகளாக, என்ற கணக்கை நிலைநாட்டிற்று. ஆறு வாரம் என்பது புற்றணுக்கள் மீண்டும் பெருகிவிடப் போதிய அவகாசம் என்று கருதிய சாண்டர்ஸும் டிஷேயும் இங்கிலாந்தில் வேறொரு வழியை வகுத்தனர்: நாளொன்றுக்கு மூன்று வேளை, ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வின்றிப் பன்னிரண்டு நாட்களில் 36 தவணை, மொத்தம் 54 கிரே. 1997இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டு உயிரோடிருந்தோர் பழைய முறையில் 20 சதவிகிதம், இந்த முறையில் 29 சதவிகிதம். மொத்த அளவு குறைந்தும் பலன் கூடிற்று. ஆனால் இரவும் வார விடுமுறையும் பாராமல் யந்திரத்தை இயக்க ஆட்கள் வேண்டுமே! பெரும்பாலான தேசங்களில் அது பரவாததற்கு விஞ்ஞானம் காரணமன்று. இதற்கு நேர்மாறாக, அளவை உயர்த்தினால் பலன் உயரும் என்று நம்பி 60 கிரேயை 74 கிரேயுடன் ஒப்பிட்ட அமெரிக்க ஆராய்ச்சி 2015இல் வெளியானபோது, நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் குறைந்த அளவுக்கு 28.7 மாதம், உயர்ந்த அளவுக்கு 20.3 மாதம் என்று தெரியவந்து வைத்திய உலகம் திடுக்கிட்டது. இதயத்துக்குப் போய்ச்சேர்ந்த கதிர் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். நான் மேலே கூறிய வாதத்துக்கு இதைக் காட்டிலும் துயரமான சான்று வேண்டியதில்லை.

சிற்றணுப் புற்று என்று சொல்லப்படும் வேகமாகப் பரவும் வகையில் கதிருக்கு ஒரு விசேஷமான இடம் உண்டு. பிரிட்டனில் 1962இல் தொடங்கிய ஆராய்ச்சியில் 144 நோயாளிகளை இரு சாராராகப் பிரித்து, ஒரு சாராருக்கு ரணசிகிச்சையும் மற்றவருக்குக் கதிரும் அளித்தனர். இரு சாராரிலும் பெரும்பாலோர் மாண்டனரெனினும், கதிர் பெற்றோரே சற்று நீண்ட காலம் வாழ்ந்தனர். கத்தியைக் கதிர் வென்றதாக நிதானமான ஒப்பீட்டில் நிறுவப்பட்ட ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று. பின்னர் மருந்துகளோடு சேர்த்து, நாளுக்கு இரண்டு வேளையாக மூன்று வாரத்தில் 45 கிரே கொடுப்பதா, அதே அளவை நாளுக்கு ஒரு வேளையாக ஐந்து வாரத்தில் கொடுப்பதா என்று ஒப்பிட்டதில், 1999இல் வெளியான முடிவு முந்தைய முறைக்கே சாதகமாக இருந்தது: ஐந்தாண்டு வாழ்ந்தோர் 26 சதவிகிதம், பின்னதில் 16 சதவிகிதம்.

எழுபதுகளில் ஹவுன்ஸ்பீல்டின் சி.டி. ஸ்கேன் வந்தபின்தான் வைத்தியர்கள் கட்டியின் உண்மையான உருவத்தைக் கண்டார்கள். ஈயக்கம்பியும் ஊதாச் சதுரமும் மெல்ல மறைந்தன. கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரின் வாசலைப் பல மெல்லிய உலோக இதழ்களால் திறந்து மூடும் முப்பரிமாண முறையும், பிறகு தொண்ணூறுகளில், வாசலுக்குள்ளேயே கதிரின் வீரியத்தைப் புள்ளிக்குப் புள்ளி கூட்டிக் குறைக்கும் செறிவு மாற்று முறையும் தோன்றின. தண்டுவடத்தைச் சுற்றி வளைந்து கிடக்கும் கட்டிக்குப் பின்னது பெரும் வரம். அதற்கும் ஒரு விலை உண்டு: பல திசைகளிலிருந்து கதிர் நுழைவதால், நுரையீரலின் பரந்த பரப்பு சிறிது சிறிதாகக் கதிரை ஏற்க நேர்கிறது. ஆயினும் மேற்சொன்ன 60, 74 கிரே ஆராய்ச்சியில் இம்முறையால் சிகிச்சை பெற்றோரிடம் கடுமையான நுரையீரல் அழற்சி, முப்பரிமாண முறையைவிடக் குறைவாகவே காணப்பட்டது.

அசைவு என்ற பிரச்சினை எஞ்சியிருந்தது. உதரவிதானத்துக்கு அருகிலுள்ள கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும். இதைச் சமாளிக்க முனைந்தபோது ஸ்வீடனில் பிறந்ததே உடலின் உள்ளிலக்கைத் துல்லியமாகக் குறித்து, மிகச் சில தவணைகளில் மிகப் பெரிய அளவைச் செலுத்தும் முறை. மூளைக்கு இத்தகைய சிகிச்சையை வகுத்த லெக்ஸெல் என்ற நிபுணரின் வழியை உடலுக்கும் பயன்படுத்த விரும்பிய ஹென்றிக் ப்லோம்கிரேனும் இங்மார் லாக்ஸும், 1991இல் கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில், நோயாளியின் உடல்வாகுக்கு ஏற்பப் படியும் மெத்தையை ஒரு சட்டத்துக்குள் பொருத்தி, அடிவயிற்றுக்குமேல் ஒரு தட்டை அழுத்தி மூச்சின் வீச்சைக் குறைத்து, கட்டியை ஏறக்குறைய அசையாமல் நிறுத்தினார்கள். பின்னர் ஜப்பானியர்களும், இண்டியானாவில் டிமர்மன் என்பவரும் இதை நுரையீரலின் ஆரம்பநிலைக் கட்டிக்கு விரிவாகப் பிரயோகித்தனர். ரணசிகிச்சை தாங்காத நோயாளிகள் 55 பேருக்கு மூன்றே தவணையில் சிகிச்சை அளித்து 2010இல் வெளியிட்ட முடிவில், மூன்றாண்டு கழித்தும் 97.6 சதவிகிதத்தினரிடம் மூலக்கட்டி அடங்கியே இருந்தது, உயிரோடிருந்தோர் 55.8 சதவிகிதம். அந்த ஆராய்ச்சியில் தாளில் எழுதிய அளவு 60 கிரே. நுரையீரலின் காற்றையும் கணக்கில் சேர்த்தபோது உண்மையில் போய்ச்சேர்ந்தது 54 என்று தெரிந்தது. முப்பது நாள் வரவேண்டியவர் மூன்று நாள் வந்து வீடு திரும்பும் இந்த முறையைக் காட்டிலும் பெரிய மாறுதல் என் வாசிப்பில் வேறில்லை. ஆனால் பெரிய மூச்சுக்குழாய்கள் கிளைக்கும் நடுமார்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்தவர்களுக்கு இதே அளவைக் கொடுத்தபோது கடுமையான தீங்குகளும் சில மரணங்களும் நேர்ந்ததாக டிமர்மனே 2006இல் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மையினால்தான், நடுமார்புக் கட்டிக்கு அளவைக் குறைத்துத் தவணையைக் கூட்டும் ஜாக்கிரதை பின்பு வழக்கமாயிற்று.

எக்ஸ்ரேக்குப் பதிலாகப் புரோட்டான் என்ற அணுத்துகளைச் செலுத்தும் சிகிச்சைக்கு விளம்பரம் அதிகம். ஆகவே சற்று நிதானத்துடன் பேச வேண்டியிருக்கிறது. பொருளுக்குள் பாயும் துகள் தன் ஓட்டம் முடியும் இடத்திலேயே பெரும் சக்தியைக் கொட்டி நின்றுவிடும் என்பதை வில்லியம் பிராக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டார். அதை வைத்தியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர், அணுகுண்டு ஆராய்ச்சியில் பங்கேற்றிருந்த ராபர்ட் வில்சன். 1954இல் பெர்க்லியில் முதல் சிகிச்சை. 1990இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் ஆஸ்பத்திரிக்கென்றே அமைந்த முதல் நிலையம். 1994இல் ஜப்பானின் சீபாவில் கார்பன் அயனிகள். 2019இல் சென்னைத் தரமணியில், தெற்காசியாவின் முதல் புரோட்டான் நிலையம். கட்டிக்கு அப்பால் கதிர் செல்லாது என்ற குணம் இதயத்தைக் காப்பதற்கு மிக உகந்ததே. ஆனால் புரோட்டான் எங்கே நிற்கும் என்பது வழியிலுள்ள அடர்த்தியைப் பொறுத்தது. காற்றும் சதையும் மாறி மாறி வந்து, மூச்சுக்கு மூச்சு இடம்பெயரும் மார்பில் அந்த நிற்குமிடம் எளிதில் தவறும். எக்ஸ்ரேயின் செறிவு மாற்று முறையுடன் இதை நேராக ஒப்பிட்டு ஹூஸ்டன் நிபுணர்கள் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எதிர்பார்த்த மேன்மை தென்படவில்லை. முன்பே ஒருமுறை கதிர் பெற்ற மார்புக்கும், இதயத்தை ஒட்டிய சில கட்டிகளுக்கும் இது பயன்படலாம்; எல்லோருக்கும் உரியதென்று சொல்லி வீட்டை விற்கவைப்பது தர்மமன்று.

கடைசியாக, குணப்படுத்தும் எல்லையை நோய் கடந்துவிட்டவர்களுக்கான சிகிச்சை. சரித்திர நூல்கள் இதைப் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. உண்மையில் கதிர்வீச்சு நிலையங்களுக்கு வரும் நுரையீரல் நோயாளிகளில் கணிசமானோர் இவர்களே. இருமும்போதெல்லாம் இரத்தம், நெஞ்சில் ஓயாத வலி, கழுத்திலும் முகத்திலும் வீக்கம், படுத்தால் திணறும் மூச்சு: இவற்றைத் தணிப்பதற்காக முன்பு இரண்டு வாரம் பத்துத் தவணைகளில் 30 கிரே கொடுத்து வந்தனர். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1991இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரு வார இடைவெளியில் இரண்டே தவணையாக 17 கிரே கொடுத்தாலும் அதே நிவாரணம் கிடைப்பது நிரூபிக்கப்பட்டது. மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஒரே தவணையில் 10 கிரே போதுமென்று மறு ஆண்டு காட்டினர். இதற்குக் கோபால்ட் யந்திரமே போதும், பழைய முன்பின் சதுரமே போதும். வாழ்நாளில் சில மாதங்களே எஞ்சியிருக்கும் ஒருவரை, தொலைதூரக் கிராமத்திலிருந்து நாள்தோறும் பஸ் ஏற்றி நகரத்து ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருக்கச் செய்யாமல், இரண்டு நாள் மட்டும் அழைத்து, இரத்தத்தை நிறுத்தி, மீதி நாட்களை அவர் குடும்பத்தோடு கழிக்க அனுப்பிவைக்கிற இந்த முறையை, மேலே சொன்ன எல்லா வகைகளுக்கும் சமமான ஆசனத்தில் வைத்தே நான் மதிக்கிறேன்.